வெந்நீர் வருகிறவரை

கீசரை வாங்கிச் சுவரில் மாட்டிய அன்றோடு அதைப் பற்றிய நம் அக்கறை தீர்ந்துவிடுகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், குழாயில் வெந்நீர் வந்தால் போதும். மின்சாரமும் தண்ணீரும் அழுத்தமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்கு நேர் கீழே நின்றுதான் நம் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் குளிக்கிறார்கள். இருந்தும் வண்டிக்கு ஆயில் மாற்றுவதில் காட்டுகிற கவனத்தில் ஒரு பங்கைக்கூட நாம் இதற்குக் காட்டியதில்லை.

போர் தண்ணீர் உப்பு என்பது நமக்குத் தெரியாததல்ல. பக்கெட்டில் வெள்ளை படிகிறது, ஷவர் துளைகள் அடைகின்றன, சோப்பு நுரைப்பதில்லை என்று நாள்தோறும் புலம்புகிறோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. நம் தெருவின் தண்ணீரில் அது எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தத் தண்ணீர் சூடேறும்போது, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் பிரிந்து எலிமென்ட்டின் மேல் ஏறுகிறது. படிவு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குள் போகாமல் எலிமென்ட்டிலேயே தங்குகிறது. தண்ணீர் காய நேரமாகிறது; வோல்டேஜ் குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். கடைசியில் எலிமென்ட்டின் உறை விரிசல் விட்டு, மின்சாரம் தண்ணீரில் கசிகிறது.

குழாயைத் தொட்டதும் சுரீர் என்று ஒரு ஷாக் அடித்திருக்கும். அப்போது நாம் என்ன செய்தோம்? "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுக் குளி" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினோம். எர்த் வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்த வீடுகளில், அது அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதைக் கழற்ற வைத்தவர்களும் நாம்தான்.

கீசருக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி உண்டு. ஆனோட் ராடு என்பார்கள். தொட்டியின் எஃகு துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. கப்பல்களின் செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமலிருக்க, அதோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் போதும் என்று 1824இல் ஹம்ஃப்ரி டேவி காட்டிய அதே வழி இது. தொட்டியின் உட்புறம் பீங்கான் போன்ற எனாமல் பூச்சு இருந்தாலும், அதில் எங்காவது மயிரிழை விரிசல் இருக்கும். அந்த இடத்தைக் காப்பது இந்தக் கம்பிதான். அது முழுக்கக் கரைந்தபின் தொட்டி அரிக்கத் தொடங்கும். அவ்வப்போது கழற்றிப் பார்த்து மாற்றுங்கள் என்று பயனர் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். கையேடு பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. சர்வீஸுக்கு வருகிறவர் எலிமென்ட்டை மாற்றிவிட்டுப் போகிறார். ராடு எப்படி இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை, கேட்காததால் அவரும் சொல்வதில்லை. சில நூறு ரூபாய்க் கம்பிக்காக ஒரு முழுத் தொட்டியைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம்.

வாடகை வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். கீசர் வீட்டுக்காரருடையது என்று குடியிருப்பவர் தொடுவதில்லை. பயன்படுத்துகிறவர் அவர்தானே என்று வீட்டுக்காரர் விட்டுவிடுகிறார். அழகு கெடும் என்று ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைத்த வீடுகளில் ராடை உருவி எடுக்கக்கூட இடம் இருக்காது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சேஃப்டி வால்வில் நாம் செய்தது. சூடேறினால் தண்ணீர் விரியும். 15 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ கால் லிட்டர் கூடும். அந்த மிகுதியை வால்வு சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. தரை ஈரமாகிறது, டைல்ஸில் கறை படிகிறது என்று அதன் வாயைச் செருகி வைத்து அடைத்தோம். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதானால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், போக வழி இருக்காது. தொட்டி பிளந்தால் 100 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியான தண்ணீர் தன் அளவைப்போல் 1,600 மடங்கு இடத்தை அடைக்கும்.

ஏப்ரலில் கீசரை நிறுத்திவிட்டு ஐப்பசி மழைக்குத்தான் மறுபடி போடுகிறோம். இடைப்பட்ட மாதங்களில் அதே தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கிறது. லெஜியனெல்லா என்ற நுண்ணுயிர் 20 முதல் 45 டிகிரி வரையான நீரில் வளரும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஓட்டலில் பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் அது கண்டறியப்பட்டது. 1999இல் நெதர்லாந்தின் ஒரு மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியின் பக்கமாக நடந்துபோனவர்கள், அதில் குளிக்காமலேயே, அதன் நீர்த்திவலையைச் சுவாசித்து நோயுற்றார்கள்; 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊரில் கோடைத் தண்ணீர் இயல்பாகவே அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்தினம் வெந்நீர் அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் இட்டுத் தண்ணீர் நிரப்பிய வீடுகள்தான் இவை. அண்டாவின் கறை கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் துலக்கினோம். கீசரின் கறை மூடிக்குள் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகை வருவதற்குள், தொட்டியை வடித்து, எலிமென்ட்டின் சுண்ணாம்பை நீக்கி, ராடைப் பார்த்து, தேதியைக் கீசரின் மேலேயே எழுதி வைக்கலாம். மாதக்கணக்கில் நின்ற தண்ணீரைக் குளிக்கும் முன் 60 டிகிரிக்குக் காய்ச்சிக் கொட்டிவிடலாம். அந்தச் சூடு தோலைச் சுடும் என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். அடைத்து வைத்த வால்வு மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது. இன்றே சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியபின் பிளம்பரை அழைத்து அந்த அடைப்பை எடுக்கச் சொல்வோம். சொட்டுகிற நீர் சாக்கடை வாய்க்குப் போக ஒரு மெல்லிய டியூப் மாட்டினால் தரையும் நனையாது.