வாபஸ் வாங்கிய கட்டுரைகள்

தினசரியில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவார்கள். விஞ்ஞானப் பத்திரிகையில் பெரும் பிழை என்றால் கட்டுரையையே வாபஸ் வாங்கிவிடுவார்கள். அழிப்பதில்லை, நெற்றியில் 'வாபஸ்' என்று முத்திரை குத்தி வைப்பார்கள்.

எப்போது குத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1998-ல் லண்டன் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான தடுப்பூசிக்கும் ஆட்டிஸத்துக்கும் தொடர்பு இருக்கலாமாம்! பரிசோதித்ததோ 12 குழந்தைகளை. பயந்துபோன பெற்றோர் பலர் ஊசியே வேண்டாமென்றார்கள். பிரையன் டீர் என்ற நிருபர் 2004 முதல் துருவித் துருவிப் புரட்டை வெளிப்படுத்தினார். முத்திரை விழுந்தது 2010-ல்! பிறகும் பயம் ஓயவில்லை. 2012-13-ல் வேல்ஸில் ஸ்வான்ஸீ வட்டாரத்தில் 1,000 பேருக்கு மேல் தட்டம்மை கண்டதாகப் பதிவாயிற்று.

அமெரிக்காவில் பிரான்ஸஸ் ஆர்னால்ட் அம்மையார் 2018-ல் ரஸாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். 2019-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் அவரும் சகாக்களும் எழுதிய பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அதே பலன் வரவில்லை. 2020 ஜனவரியில் அவரே உலகறிய மன்னிப்புக் கேட்டு, கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அதனால் அம்மையாரின் மதிப்பு குறைந்தா போயிற்று?