கையடக்க ரவுட்டரும் கம்பனியின் பூட்டும்

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'பைரேட்பொக்ஸ்' என்றொரு முயற்சி நிறுத்தப்பட்டது. அதனைப் பேணி வந்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று, ரவுட்டர்களின் உள்ளிருக்கும் மென்பொருளை எவரும் மாற்ற இயலாதவாறு உற்பத்திக் கம்பனிகள் மேன்மேலும் பூட்டி வருகின்றன என்பது. சிறு செய்திதான். ஆயினும், விலைகொடுத்து வாங்கிய பொருளுக்கு உடையவர் யார் என்ற வினா இச்சிறு செய்திக்குள் அடங்கியிருக்கின்றது. அவ்வினாவைத் தொழில்நுட்பம் அறிந்தவர்களின் தனிப்பட்ட சச்சரவு என ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம்மவரிடையேயும் உண்டு. முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், காணி யாருக்கு, ஆலை யாருக்கு என்று கேட்கத் தயங்குவதில்லை. தம் மேசைமேல் இருக்கும் பெட்டி யாருக்கு என்று கேட்க மட்டும் ஏனோ கூசுகின்றார்கள்.

பைரேட்பொக்ஸ் என்பது யாது? நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டார்ட்ஸ் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பு அது. கையடக்க வைஃபை ரவுட்டர் ஒன்று. அதிற் செருகிய யூ.எஸ்.பி. குச்சி ஒன்று, அவ்வளவே. பெட்டி இணையத்துடன் இணைக்கப்படுவதில்லை. அருகிலிருப்பவர் தம் கைப்பேசியால் அதன் அலையைப் பற்றிக்கொண்டால் குச்சியில் உள்ளவற்றை எடுக்கலாம். தம்மிடம் உள்ளவற்றை இட்டும் வைக்கலாம். பெயர் கேட்பாரில்லை, கட்டணம் கேட்பாருமில்லை. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவின் ரெனசி மாநிலத்து நூலகர் ஜேசன் கிரிஃபி இதிலிருந்து 'லைப்ரரிபொக்ஸ்' என்ற கிளையைத் தோற்றுவித்தார். பதிப்புரிமை நீங்கிய நூல்களையும் பாடங்களையும் நிரப்பிவிட்டால், இணையம் எட்டாத இடத்தில், கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு மின்கலத்தின் துணைகொண்டு, ஒரு வகுப்பறைக்கே வழங்கவல்ல நூலகமாக அது ஆகிவிடும். ஆசிரியராயிருப்போர் இதன் பெறுமதியை நம்மிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

இவ்வமைப்புகளுக்கு உடலாய் அமைந்தவற்றுள் ஒன்று, ரிபி-லிங்க் கம்பனியின் டபிள்யூ.ஆர். 703 என். பக்கம் 57 மில்லிமீற்றர். இரு தீப்பெட்டிகளை அருகருகே வைத்தாற்போன்ற அளவு. உள்ளே 400 மெகாஹேர்ட்ஸ் செயலி, 32 மெகாபைட் நினைவகம், ஒரேயொரு பாடலைக் கொள்ளும் அளவான 4 மெகாபைட் நிலைச் சேமிப்பகம். சீனச் சந்தைக்கெனச் செய்யப்பட்டமையால் அதன் பக்கங்கள் யாவும் சீன மொழியில் இருந்தன. சீனம் அறியாதவனுக்கு அது ஊமைப் பெட்டி. அந்த ஊமைப் பெட்டியை உலகெங்கும் பேச வைத்தது கம்பனியன்று, ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி. என்னும் திறந்த நிலைபொருளை எழுதி வெளியிட்ட தன்னார்வலர் கூட்டமே.

நிலைபொருள் என்று நாம் கூறுவது, சாதனத்தினுள்ளே நிலையாக எழுதப்பட்டு, மின்சாரம் வந்த கணத்திலேயே அதனை இயக்கத் தொடங்கும் மென்பொருளை. அதனை மாற்றுவது மந்திர வித்தையன்று. கம்பனியே தன் புதிய பதிப்புகளை ஏற்றுவதற்கென ரவுட்டரில் ஒரு பக்கம் வைத்திருக்கும். அப்பக்கத்தின் வழியாக, அந்த மாதிரிக்கும் அதன் வன்பொருட் பதிப்புக்கும் உரிய கோப்பை ஏற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் மின்சாரம் அறுபடலாகாது. தவறான கோப்பு ஏறிவிட்டால் பெட்டி செங்கல்லாகிவிட்டது என்பார்கள் இத்தொழில் செய்வோர். செங்கல்லையும் பெரும்பாலும் மீட்கலாம். துவக்க நிரல் அழியாதிருப்பின் வலைக்கம்பி வழியே கோப்பைத் திரும்ப அனுப்பலாம். அதுவும் இயலாவிடின் மூடியைத் திறந்து, பலகையிலுள்ள தொடர்முனைப் புள்ளிகளில் மூன்று மெல்லிய கம்பிகளை ஈயப்பற்று வைத்து, 3.3 வோல்ற்றில் அதனோடு பேசலாம். ஒன்றை மட்டும் காத்தல் வேண்டும்: அவ்வொரு பெட்டிக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதப்பட்ட வானொலி அளவீடுகள் சேமிப்பகத்தின் ஒரு மூலையில் உள்ளன. அவை அழிந்தால் வேறு பெட்டியினின்று இரவல் வாங்க இயலாது. இவ்வளவையும் க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்வான். கற்கும்போதே, வலையமைப்பு என்பது எவ்வாறு இயங்குகின்றது என்பதையும் அறிந்துகொள்வான். கம்பனியின் பூட்டு பறிப்பது இந்தப் பிற்பகலையுந்தான்.

இனி, பூட்டியோர் எதனைப் பூட்டினர் என்பதைப் பார்ப்போம். லிங்சிஸ் கம்பனி 2002ஆம் ஆண்டு இறுதியில் டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜி என்ற ரவுட்டரைச் சந்தைக்கு அனுப்பியது. மலிவு, நல்ல விற்பனை. 2003ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிலர் அதன் உள்ளே துருவிப் பார்த்தபோது, அங்கே இயங்கியது லினக்ஸ் என்பது தெரியவந்தது. லினக்ஸ் எவர் சொத்து? பல நாடுகளின் ஆயிரக்கணக்கான நிரலாளர் எழுதி, ஜி.பி.எல். என்னும் பொது அனுமதிப்பத்திரத்தின் கீழ் உலகுக்கு வழங்கியது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பெறுபவனுக்கு மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. கம்பனி எடுத்துக்கொண்டது, விற்றது. கொடுக்க மட்டும் மறந்துவிட்டது! கூலி கொடாமற் பெற்ற உழைப்பை மூடி முத்திரையிட்டுத் தன் சரக்கென்று விற்றது. எதிர்ப்பு வலுத்த பின்னரே, அதற்குள் லிங்சிஸ்சை விலைக்கு வாங்கிவிட்ட சிஸ்கோ, நிரலை வெளியிட்டது. வெளியான அந்நிரலின்மீதே 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி. எழுந்தது, பெயரிலுள்ள அவ்வெழுத்துக்கள் அந்த ரவுட்டரினுடையவை.

அதே 2004இல் மியூனிச் நீதிமன்றம், சைட்கொம் என்ற ரவுட்டர் விற்பனைக் கம்பனிக்கு எதிரான வழக்கில், இவ்வனுமதிப்பத்திரம் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. 2008இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோமீதே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2009இல் அது இணக்கத்தில் முடிந்தது. ஏ.வி.எம். என்னும் ஜேர்மன் கம்பனியின் ரவுட்டரை வாங்கிய பயனாளர் ஒருவர் 2023இல் வழக்குத் தொடுத்த பின்னரே, அதிலுள்ள கட்டற்ற நிரல்களைத் தொகுத்துத் திரும்ப ஏற்றுவதற்கு வேண்டிய கட்டளைக் கோவைகளும் அவர் கைக்கு வந்தன. இருபதாண்டுகளின் கதை இது. ஒவ்வொரு முறையும் நீதிமன்ற வாயிலை மிதித்த பின்னரே, அல்லது மிதிப்போம் என்று சொன்ன பின்னரே, பொதுமக்களின் பொருள் பொதுமக்களிடம் திரும்பியது. 1991இல் வெளியான ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு, மூல நிரல் என்பதனுள் தொகுப்பதற்கும் நிறுவுவதற்குமான கட்டளைக் கோவைகளையும் சேர்த்தே கூறுகின்றது. 'நிறுவுதல்' என்ற சொல்லை எழுதியவர்கள் வீணுக்கு எழுதினரா?

லிங்சிஸ் 2005இல் வேறொரு வழியும் கண்டது. அதே பெயர், அதே நீலமும் கருமையுமான கூடு; உள்ளே நினைவகமும் சேமிப்பகமும் பாதியாக்கப்பட்டு, லினக்ஸ் அகற்றப்பட்டது. பழைய அமைப்பை விரும்பியோருக்கு 'ஜி.எல்.' என்ற வால் சேர்த்துக் கூடிய விலைக்கு விற்றது. திறந்திருத்தலுக்கும் ஒரு சந்தை உண்டு என்பதைக் கண்டுபிடித்த வணிகரின் கூர்மையை நாம் மெச்சாதிருக்க முடியுமா?

பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிற் சில பகுதிகளை விமான நிலையங்களின் வானிலை ராடர்களும் பயன்படுத்துகின்றன. ஒழுங்கற்ற வைஃபைக் கருவிகள் அவற்றுக்கு இடையூறு செய்தமை உண்மை. 2009 அளவில் புவேர்ட்டோ ரிக்கோவில் இது முதலில் வெளிப்பட்டது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணைக்குழு 2014இல் விதிகளை இறுக்கியதற்கு இது பின்னணி. புயலைக் காணும் ராடரை மறைப்பது எவர் உரிமையுமன்று. ஆனால், 2015 மார்ச்சில் அவ்வாணைக்குழு கம்பனிகளுக்கு விடுத்த வழிகாட்டலில், பிறரின் நிலைபொருள் ஏறாதபடி பெட்டியை எவ்வாறு காத்துள்ளீர் என விளக்குமாறு கேட்கப்பட்டது. அத்தகைய நிலைபொருளுக்கு எடுத்துக்காட்டாக டிடி-டபிள்யூ.ஆர்.ரி.யின் பெயரும் குறிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில், இணையத்தின் தந்தையருள் ஒருவரான வின்ற் சேர்ஃபும், வலைத் தாமதத்தை ஒழிக்கப் பாடுபட்ட டேவ் ராற் என்பவரும் 260க்கு மேற்பட்ட வல்லுநரும் கையொப்பமிட்டு எதிர்ப்பு விடுத்தனர். நவம்பரில் ஆணைக்குழு அவ்வாசகத்தை மாற்றியது. நாம் தடை செய்வது வானொலி வரம்பை மீறுவதையே, திறந்த நிலைபொருளை அன்று என்று விளக்கமும் கூறியது.

ரிபி-லிங்கோ அமெரிக்கச் சந்தைக்கான தன் பெட்டிகளைப் பூட்டியே விட்டது. வானொலிப் பகுதியை மட்டும் தனியே காத்து மற்றையதைத் திறந்துவைப்பதற்குச் சற்றுச் செலவாகும்; முழுவதையும் பூட்டுவது மலிவு. அச்செலவை ஏற்று அவ்வாறு செய்வதாக 2016இல் முன்வந்தது அதே லிங்சிஸ் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். 2016 ஓகஸ்டில் ஆணைக்குழு ரிபி-லிங்கிடம் 200,000 டொலர் பெற்று ஒரு விசாரணையை முடித்தது. குற்றம் யாது? சில ரவுட்டர்கள் அனுமதிக்கப்பட்ட வலுவுக்கு மேல் இயங்கக்கூடியவாறு விற்கப்பட்டிருந்தன. எந்த நிலைபொருளால்? கம்பனி தானே எழுதி, தானே ஏற்றி விற்ற நிலைபொருளால்! நாட்டுக் குறியீட்டை மாற்றினால் வலு கூடிவிடும்படி அது அமைந்திருந்தது. பிறர் வரம்பு மீறுவர் என்று கதவைப் பூட்டியவரே வரம்பு மீறியவர். அதே இணக்க ஒப்பந்தத்தில், பிறரின் நிலைபொருளுக்கு இடமளிக்கும் வழிகளை ஆராய்வதாகக் கம்பனி வாக்களிக்கவும் நேர்ந்தது.

பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்போரும் உளர். 2018இல் 'வி.பி.என். ஃபில்ரர்' என்ற நச்சு நிரல் 54 நாடுகளில் குறைந்தது 500,000 சாதனங்களுட் புகுந்திருந்தது. பெரும்பாலானவை கம்பனிகளின் சொந்த நிலைபொருளுடன் இயங்கிய ரவுட்டர்கள். 2025 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகம் இன்னுமோர் எச்சரிக்கை விடுத்தது: கம்பனிகள் கைவிட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றித் தம் மறைவிடமாக்குகின்றனர், ஆதலின் அவற்றை அகற்றிப் புதியவை வாங்குக. வாங்கும் வசதியுள்ளோர்க்கு நல்ல அறிவுரை. செயலியும் வானொலியும் பழுதின்றி இருக்க, எழுதிய நிரலுக்கு மருந்திட மனமில்லாத கம்பனியின் பொருட்டு ஒரு பள்ளிக்கூடம் ஏன் இரண்டாந்தடவை விலை கொடுக்க வேண்டும்? பூட்டுள்ள பெட்டிக்குக் கம்பனி கைவிட்ட நாளே இறுதி நாள். திறந்த பெட்டிக்கு அவ்வாறில்லை.

ஆனால் திறந்த நிலைபொருளை அமிர்தமெனக் கொண்டாடுவோருடனும் நாம் சேரோம். 4 மெகாபைட் சேமிப்பகமும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பெட்டிகளுக்கு ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி.யின் 19.07 வரிசையே இறுதியாயிற்று. லினக்ஸ் பெருத்தது, பெட்டி பெருக்கவில்லை. 703 என்னும் அப்பட்டியலில் ஒன்று. வானொலிச் சில்லினுள் ஓடும் நிரலோ, பெரும்பாலான பெட்டிகளில், இன்றும் மூடியபடியே உள்ளது. ஜி.எல். ஐநெற் போன்ற கம்பனிகள் ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி.யை அடிப்படையாகக் கொண்ட கையடக்க ரவுட்டர்களை விற்கின்றன. மீட்புப் பக்கத்தையும் பெட்டியிலேயே வைத்துள்ளன. வரவேற்போம். எனினும் சில மாதிரிகள் சில்லுக் கம்பனியின் மூடிய இயக்கிகளில் தங்கியிருப்பதால், பொதுப் பதிப்பை அவற்றில் நேரே ஏற்ற இயலாது. வாங்குமுன் ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி. வெளியிட்டுள்ள வன்பொருட் பட்டியலில் அந்த மாதிரியும் அதன் பதிப்பெண்ணும் உள்ளனவா எனப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பாடசாலைக்கு ரவுட்டர் வாங்கும் பொறுப்பிலுள்ள ஆசிரியர்கள் இதனைச் செய்தல் வேண்டும். கடைக்காரரிடமும் கேட்டல் வேண்டும். கேள்வி எழாத வரை கடையிற் பூட்டிய பெட்டியே வந்து நிற்கும்.

முடியாத காரியத்தைக் கேட்கிறோம் என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2024 நவம்பரில் 'ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி. வன்' என்னும் ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. அத்தன்னார்வலரும் மென்பொருள் விடுதலைக் காப்பகமும் சேர்ந்து வடிவமைத்தது. செய்து தருவது பனானா பை. விற்பனைக்கு வந்தபோது கூட்டுடன் அதன் விலை 89 டொலர். சட்டைப் பையில் அடங்குவதன்று, விலையும் நம் மாணவர்க்கு எட்டுவதன்று. ஆயின் அதில் நிலைபொருளுக்கு ஒரு சேமிப்பகமும், மீட்புக்கெனத் தனியே இன்னொரு சேமிப்பகமும் உள்ளன. மீட்புச் சேமிப்பகம் எழுத்துத் தடையிட்டுக் காக்கப்படுகின்றது. எவ்வளவு பிழையான கோப்பை ஏற்றினாலும், ஓர் ஆளியைத் தள்ளி மீண்டும் தொடங்கலாம். மூல நிரல் முழுவதும் கேட்காமலே கிடைக்கின்றது. இத்தனையும் திறந்துகிடக்கும் அந்தப் பெட்டி, விற்பனைக்கு வருமுன்னர், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணைக்குழுவின் சான்றிதழையும் பெற்றிருந்தது.