கெமிஸ்ட்ரி கார்னர்: ஒரு சிட்டிகை ஃப்ளோரைடு!

தூத்துக்குடி முத்துக்கும் உங்க வீட்டு சிமென்ட் தரைக்கும் ஒரு சொந்தம் இருக்கு, தெரியுமா? முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சிமென்ட் சூளைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அதேதான். என்ன, சிப்பிக்கு அடுப்பே வேண்டாம். நமக்கோ 1450 டிகிரி செல்சியஸ் வேணும்!

ஏன் இவ்வளவு சூடு? சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் வெந்து 'கிளிங்கர்' உருண்டைகளா மாறணும். அதில் 'ஆலைட்' என்ற கால்சியம் சிலிகேட் உருவானால்தான் சிமென்ட்டுக்கு வலு. அது லேசில் உருவாகாது.

இங்கேதான் நம்ம ஹீரோ என்ட்ரி! கால்சியம் ஃப்ளோரைடைக் கொஞ்சமா சேர்த்தால், கலவை குறைந்த சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். கூடவே ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட்டும் சேர்ந்தால், சுமார் 100 டிகிரி குறைவிலேயே ஆலைட் ரெடி. இப்படி உதவுற பொருளுக்கு 'மினரலைசர்'னு பேரு. கொண்டைக்கடலை வேக அம்மா ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவாங்களே, அதே டெக்னிக்!

சரி, ஃப்ளோரைடுக்கு எங்கே போறது? குஜராத்தின் அம்பாடுங்கரில் ஃப்ளோர்ஸ்பார் கல் இருக்கு. ஆனா தூத்துக்குடியிலேயே வேறொரு வழி இருக்கு பாஸ். உரத்துக்காகக் கப்பலில் வந்து இறங்கும் பாஸ்பேட் பாறைக்குள் ஃப்ளோரின் ஒளிஞ்சிருக்கு. அதிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது, ஒரு டன்னுக்குச் சுமார் 5 டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சும். அதில் சல்பேட் நிறைய. ஃப்ளோரைடும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். மினரலைசருக்கு வேண்டிய ரெண்டும் ஒரே குவியலில்! 1949 முதல் சிமென்ட் தயாரித்த திருநெல்வேலி சங்கர்நகர் இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா? அவசரப்படாதீங்க. ஆப்ப சோடா கூடினா கடலை குழைஞ்சு ருசி கெடும் இல்லையா? ஃப்ளோரைடு கூடினால் சிமென்ட் இறுகத் தாமதமாகும். பாஸ்போஜிப்சத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டும் அதே வேலையைச் செய்யும். காலையில் போட்ட கான்கிரீட் சாயங்காலமும் இறுகலைன்னா மேஸ்திரி சும்மா விடுவாரா? அதனால் ஒவ்வொரு லோடையும் லேபில் சோதிச்சு, அளந்துதான் சேர்க்கணும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மினரலைசர் மிச்சப்படுத்துவது எரிபொருளை மட்டும்தான். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். சூட்டைக் குறைத்தாலும் இந்தக் கணக்கு மாறவே மாறாது. சிமென்ட் ஆலை விடும் கார்பனில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருது!

கல்லையே குறைக்கணும்னா கிளிங்கரைக் குறைக்கணும். அதுக்கும் தூத்துக்குடியில் சரக்கு இருக்கு: அனல்மின் நிலையச் சாம்பல். பி.பி.சி. ரக சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்குது.

ஆகவே மக்கா, இனி யாராவது 'பசுமை சிமென்ட்'னு பெருமை பேசினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மிச்சமானது கரியா, கல்லா?"