அப்பா அடித்த தண்ணி

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது ஆசிரியை கேட்டார்: “உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?”

“தண்ணி அடிக்கிறார், டீச்சர்” என்றேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது.

நான் சொன்னது உண்மைதான். பிறையில் ஓர் இரும்பாலையில், பழுக்கக் காய்ந்து ஓடிவரும் கம்பிக்குத் தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் அப்பாவுக்கு வேலை. பிறைக்கும் இரும்புக்கும் பழைய உறவு. 1967இல் அங்கே உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா ஆலை, இரும்புத் தாதை உருக்க ரப்பர் மரக் கரியைத்தான் எரித்தது. பால் வற்றிய தோட்டத்து மரங்கள் உலைக்குப் போயின.

‘தண்ணீர் ஊற்றுவதில் என்ன வித்தை?’ என்று கேட்டால் அப்பா தோசைக்கல்லைக் காட்டுவார். அளவாகக் காய்ந்த கல்லில் தெளித்த தண்ணீர் ‘சுர்’ரென்று வற்றிவிடும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் முத்து முத்தாக உருண்டோடும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி மெத்தைபோல் நிற்பதால் தண்ணீர் கல்லைத் தொடுவதே இல்லை. லைடன்ஃப்ரோஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை 1756இலேயே எழுதிவைத்தார்.

உருளைகளைவிட்டு வெளிவரும் கம்பியின் சூடு சுமார் 1,000 டிகிரி. அதுவும் நொடிக்குப் பல மீட்டர் ஓடும். சும்மா ஊற்றினால் தண்ணீர் ஆவியின்மேல் வழுக்கிப் போய்விடும். அழுத்தத்தோடு பாய்ந்து, ஆவியைக் கிழித்து, இரும்பைத் தொட வேண்டும். ஆக, ஊற்றினால் போதாது, அடிக்கத்தான் வேண்டும்! கண்மூடித் திறப்பதற்குள் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே மிஞ்சிய சூடு வெளியே பரவி அந்தத் தோலைப் பதப்படுத்தும். வெளியே உறுதி, உள்ளே நெகிழ்வு. அப்படிப்பட்ட கம்பி வளையும், சட்டென்று முறியாது.

தண்ணீர் வரும் துளை ஒன்றில் துரு அடைத்தால் போதும், கம்பி ஒரு பக்கம் சரியாக ஆறாது. கோணும், வலுவும் குறையும். அதனால் இரவு ஷிஃப்டிலும் அப்பாவின் கண் அந்தத் துளைகள் மேலேயே இருக்கும். “சிமெண்டுக்குள்ள போயிட்டா யாருக்கும் தெரியாதும்மா. இப்பவே பாத்துடணும்” என்பார்.

நாம் நிம்மதியாகத் தூங்கும் அடுக்குமாடிகளின் தூணுக்குள் இப்படி எத்தனை அப்பாக்களின் தூக்கம் இருக்கிறதோ!

போன வாரம் வானொலியில், ‘உங்க அப்பா என்ன வேலை செஞ்சார்?’ என்று நேயர்களைக் கேட்டேன். முதலில் என் கதையைச் சொன்னேன், தோசைக்கல் விளக்கத்தோடு. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்:

“இந்தத் தடவ யாரும் சிரிக்கலையே?”