கலவை வேறு, கலப்படம் வேறு

நம் கடைகளில் அன்றாடம் புழங்கும் இரண்டு சொற்கள் கலவையும் கலப்படமும். முன்னது தொழில், பின்னது குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடத் தெரியாமல் பெரிய வியாபாரிகளே சறுக்கிய கதை ஒன்று அயர்லாந்தில் உண்டு. சரக்கு விஸ்கி என்பதால் வணிக அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லி நாம் எழுதவில்லை. விற்பவனுக்கு அதில் உள்ள பாடத்தையே சொல்ல வருகிறோம்.

அயர்லாந்தின் பழைய விஸ்கி, முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் சேர்த்துச் செப்புக் கொப்பரையில் வடிப்பது. முளைகட்டிய பார்லிக்கு அரசு வரி போட்டதால், வரியை மிச்சம் பிடிக்கவே முளைகட்டாததைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். வரி போய்விட்டது, ருசி நிலைத்துவிட்டது. நாக்கில் கனமும், எண்ணெய்ப் பசையும், இலவங்கம் மிளகு போன்ற காரமும் அதன் குணம்.

1830இல் ஈனியஸ் காஃபி என்பவர் இடைவிடாமல் வடிக்கும் கலத்துக்கு உரிமம் பெற்றார். இவர் டப்ளினில் சுங்கவரி அதிகாரியாக இருந்தவர். மக்காச்சோளம் போன்ற தானியத்திலிருந்து இலேசான, விலை குறைந்த விஸ்கி இதில் கிடைத்தது. டப்ளினின் பெரிய வடிசாலைக்காரர்கள் இதை ஏற்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏற்றார்கள், கனத்த சரக்கோடு கலந்தார்கள். கில்மார்னக்கில் 1820இல் மளிகைக் கடை நடத்தத் தொடங்கிய ஜான் வாக்கரின் குடும்பமும், அபர்டீனில் மளிகை நடத்திய சிவாஸ் சகோதரர்களும் கலவையால் பெயர் பெற்றவர்களே. அவர்கள் நம் இனத்துக் கடைக்காரர்கள்! வாடிக்கையாளர் நாக்கை அறிந்தவன் கடைக்காரன்தானே?

1878இல் டப்ளினின் நான்கு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, கலவை விஸ்கி மோசடி என்று புத்தகமே வெளியிட்டன. மட்டமான சரக்கை டப்ளின் விஸ்கி என்று சிலர் விற்றதை அவை கண்டித்தது நியாயமே. ஆனால் திருட்டுப் பெயரைக் கண்டிப்பதோடு நில்லாமல் கலவையையே பழித்தது தவறு என்பது நமது கருத்து. 1909இல் அரச விசாரணைக் குழு, தானிய விஸ்கியும் கலவையும் விஸ்கியே என்று முடிவு சொல்லிவிட்டது.

பிறகு 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பிரிட்டனோடு வர்த்தகச் சண்டை. சந்தை போயிற்று. 1947இல் டல்லமோர் டியூ கலவைக்கு மாறியது. 1966இல் ஜேம்சன், பவர், கார்க் நிறுவனங்கள் ஒன்றாயின. ஜேம்சனும் கலவையாயிற்று. நூறாண்டு எதிர்த்ததையே கடைசியில் கைக்கொண்டார்கள். இன்று உலகில் அதிகம் விற்கும் ஐரிஷ் விஸ்கி அந்த ஜேம்சன்தான்.

கலவையின் குணம் என்ன? கொப்பரைச் சரக்கு உடலைத் தருகிறது. தானியச் சரக்கு இலேசும் இளந்தித்திப்பும் தருகிறது. பீப்பாய் மீதியைத் தருகிறது. அமெரிக்க போர்பன் பீப்பாயில் வெனிலா மணம். ஸ்பெயின் ஷெரி பீப்பாயில் உலர்திராட்சையின் சுவை. பெரும்பாலும் மூன்று முறை வடிப்பதால் வழவழப்பு அதிகம். சில ஸ்காட்ச் வகைகளில் உள்ள புகை நெடி பொதுவாக இதில் இராது. மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு, சாராய அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் என்று சட்டமும் உண்டு. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாரும் தன் பங்குக்குப் பூவைத் தாங்குகிறது.

கொப்பரைச் சரக்கு அழிந்துவிடவுமில்லை. தனிப் பெயரில், கூடுதல் விலையில் இன்றும் விற்கிறது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு விலை. 1878இலேயே இந்த வழியைப் பிடித்திருந்தால் ஸ்காட்லாந்திடம் இவ்வளவு தோற்றிருக்க மாட்டார்கள்.

நமக்கும் இதுதான் சட்டம். காப்பித்தூளில் சிக்கரி சேர்ப்பது தவறல்ல. எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் போடாமல் விற்பதே தவறு. சேர்த்ததைச் சொன்னால் கலவை, மறைத்தால் கலப்படம். வாடிக்கையாளர் கேட்கும் ருசியைக் கலந்து கொடுப்போம். கலந்ததை எழுதியும் கொடுப்போம்!