ஆடம்பரம் என்றால் மேளம்

'ஆடம்பரம்' என்ற சொல்லை நாம் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை, தோழர்களே. தட்டினால் சத்தம் வரும். வடமொழியில் அது முதலில் ஒருவகை மேளத்தின் பெயர். பிறகு மேளத்தின் பேரொலி, பிறகு வெற்று ஆரவாரம். பட்டும் பந்தலும் கடைசியில்தான் வந்தன.

சுக்ல யஜுர் வேதத்தின் வாஜசனேயி சம்ஹிதை, 30ஆம் அத்தியாயம், புருஷமேதம். எந்தத் தெய்வத்துக்கு எந்த மனிதனை யூபத்தில் கட்டுவது என்று நீளமான பட்டியல். (வெட்டினார்களா, அவிழ்த்து விட்டார்களா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும்.) அதில் ஓசைக்கு ஒப்படைக்கப்படுகிறவன் ஆடம்பரம் அடிக்கிறவன். கொஞ்சம் தள்ளி, காற்றுக்குச் சண்டாளன். அடித்தவன்தான் நம்ம பாட்டன் என்று கதைகட்ட நான் வரவில்லை. மேளத்தின் பெயர் மாளிகைக்குப் போய்விட்டது, அடித்தவன் கம்பத்தில் நிற்கிறான் என்பதை மட்டும் பாருங்கள். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? மேடையில் கம்பீரமாகப் 'பறைசாற்றுகிற' தமிழறிஞர் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்க ஆள் சேரியிலிருந்துதானே வரணும்?

படாடோபம் என்பதும் வடசொல்தான். பாம்பு படம் விரிப்பது. பண்ணையார் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு இது பொருந்தும். ஆனால் அதற்கு ஊர் வைத்திருக்கிற பெயர் 'அந்தஸ்து'. ஆடம்பரம் என்ற வசவு நமக்கு. நகைக்கடன் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் தினம் கேட்கிறேன். மகள் சடங்குக்கு வாங்கிய சங்கிலியை அடகு வைக்க ஒருவர் சேரியிலிருந்து வருகிறார். "இதுங்களுக்கு எதுக்கு சார் இந்த ஆடம்பரம்?" என்கிறார் பக்கத்து நாற்காலி. அடுத்து வந்தவர் திருவிழா வாணவேடிக்கைக்காக நாற்பது பவுன் வைத்தார். அவருக்கு மோர் வந்தது.

இந்த வசவு சட்டமாகவே இருந்திருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதை எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை, பனியன் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. கிராப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. செருப்பு கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது. மீறியதற்குக் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிப் போனார்கள். மண்சட்டிக்குப் பதில் ஒரு பித்தளைச் செம்பு, அதுதான் ஆடம்பரம்!

நம்மில் சில தோழர்களே, எளிமை எளிமை என்று இளைஞனின் ஜீன்ஸைக் கிண்டல் பண்ணுகிறார்கள். அண்ணல் கோட்டு சூட்டோடு நிற்பதை அவர்கள் எங்கே வைத்துப் பார்க்கிறார்கள்? எளிமை, இருக்கிறவன் கழற்றி வைப்பது. நமக்கு அது அடித்துப் போட்ட உடுப்பு.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். பள்ளிக்கூடத்திலேயே சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பகலில் பிடித்தால் குடிசையைக் கொளுத்துவீங்க. அப்புறம் எப்பய்யா பிடிக்கிறது?