நிறுத்துகிற கை

போன மாதம் ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், வளைகுடாவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், ஆத்திரத்தோடு ஒரு கதை சொன்னார். அவர் ஏறிய விமானம் ஓடுபாதையில் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தபோதே சட்டென்று வேகம் தணிந்து நின்றுவிட்டதாம். ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம். மூன்று மணி நேரம் தாமதம். "ஓட்டத் தெரியாதவனையெல்லாம் உட்கார வைக்கிறார்கள் சார்!" என்றார். பந்தியே அவருக்காக 'த்சு' கொட்டியது.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். தம்பி, தன் கடமையைச் செய்தவனை நீ திட்டினாய்.

விமானம் கிளம்புமுன் அன்றைய பாரம், காற்று, வெப்பம், பாதையின் நீளம் எல்லாம் கணக்கிட்டு ஒரு வேகத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். 'வி-ஒன்' என்று அதற்குப் பெயர். அதற்குள் என்றால் நிற்கலாம். தாண்டிவிட்டால் பறந்தே தீரவேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்லிவர வேண்டும். இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடக்கிற காரியம்.

அந்த நிமிஷத்தில் கவனம் பிசகினால் என்ன ஆகும்? 2018 அக்டோபர் 12-ஆம் தேதி பின்னிரவில் திருச்சியில் பார்த்தோம். துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 136 பேர். ஓட்டத்தின் நடுவே, ஓட்டிய விமானியின் நாற்காலி முதுகு பின்னால் சாய்ந்துவிட்டது. அவரை அறியாமலே எஞ்சின் விசையும் குறைந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. தாமதமாக எழும்பிய விமானம் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு பறந்தது. அடிவயிறு கிழிந்தபடியே கடல் தாண்டிப் போய், பிறகு திருப்பப்பட்டு மும்பையில் இறங்கிற்று. ஒருவருக்கும் காயமில்லை. "அப்படியும் பத்திரமாக இறக்கிவிட்டாரே, கெட்டிக்காரர்!" என்று பாராட்டியவர்களும் உண்டு!

தெய்வம் எப்போதும் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. 1993 ஏப்ரல் 26-ல் ஔரங்காபாத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் ஒன்று பாதையின் கடைசியில்தான் தரையை விட்டது. வெளியே சாலையில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி. அதில் மோதி விழுந்தது. 118 பேரில் 55 பேர் மாண்டார்கள். மூக்கைத் தூக்கத் தாமதித்ததும், தூக்கிய முறையும் விமானியின் பிழை என்றது விசாரணை. விமான நேரத்தில் அந்தச் சாலைப் போக்குவரத்தைத் தடுக்காததையும் குற்றம் சொன்னது.

"விளக்கு எரிந்தால் எல்லாம் நிற்பதா?" என்று கேட்கலாம். நிற்கச் சொல்லவில்லை. போயிங் 737-ன் விதிப்படி, 80 நாட் வேகத்துக்குள் சிறு கோளாறுக்கும் நிறுத்தலாம். அதற்கு மேல் தீ, எஞ்சின் பழுது, பறக்கவே இயலாத நிலை போன்றவற்றுக்குத்தான். ஆற அமர யோசித்து எழுதிய விதி அது. அவசரத்தில் அனுபவத்தை மட்டும் நம்பாதே என்பதுதான் அதன் பொருள்.

எங்கள் ஊர்த் தறிகாரருக்கு இது புதிதல்ல. பாவில் ஓர் இழை அறுந்தால் நாற்பது வருஷம் நெய்த கையும் தறியை நிறுத்தும். இழையை முடிந்த பிறகுதான் நாடா ஓடும். நிறுத்தியதற்காக அவரை யாரும் கேலி செய்வதில்லை. நிறுத்தாமல் நெய்தால் புடவை நெடுக வடு விழும், கேலி அதற்குத்தான்.

புடவைக்குக் கொடுக்கிற மதிப்பை உயிருக்குக் கொடுக்கக் கூடாதா? நாம் கொட்டுகிற 'த்சு' நாளைக்கு இன்னொரு விமானியின் காதில் விழுகிறது. நிறுத்த வேண்டிய நொடியில் பிரயாணிகள் என்ன சொல்வார்களோ என்று அவன் கை தயங்கினால், அந்தத் தயக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை விமானம் பாதி ஓட்டத்தில் நின்றால், தம்பி, கடிகாரத்தைப் பார்க்காதே. இறங்கும்போது அந்த விமானிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கு.